சிபாப் மெஷின்: சாதா ட்யூபா, சூடாகும் ட்யூபா, தண்ணீரே வேண்டாமா?

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவருக்கு ட்யூப், மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்புவது சிபாப் மெஷின். அந்தக் காற்றில் ஈரம் சேர்க்கத்தான் அதில் தண்ணீர்த் தொட்டி. "சென்னைக் காத்துலயே இவ்ளோ ஈரம் இருக்கு, இதுக்குத் தனியா தண்ணித் தொட்டி வேறயா?" ஃபேன் போட்டுத் தூங்குகிறவர் கேட்டால் நியாயம். 29 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். ஏசி அறையில் 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் 11 கிராம்தான். நுரையீரலுக்குள் போகும்போது அது 44 கிராம் ஆகியிருக்க வேண்டும். மிச்சத்தை மூக்குதான் கொடுக்கிறது. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீடாக இருந்தாலும், ஏசி போட்டால் மூக்கு காயும்.

ஃபேன் அறைக்குத் தொட்டியை அணைத்தோ மிகக் குறைந்த அளவிலோ வைத்துப் பார்க்கலாம். பயண மெஷின்களில் தொட்டிக்குப் பதில் ஒரு சிறு பாகத்தைச் செருகுவார்கள். வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்துவைத்து, அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுக்கும். வாய் திறந்து தூங்குகிறவருக்கு இது உதவாது. ஈரம் வாய்வழியே போய்விடுகிறதே!

சூடாகும் தொட்டியும் சாதா ட்யூபும்தான் பெரும்பாலோரிடம் இருப்பது. சிக்கல் ட்யூபில். தொட்டியிலிருந்து 30 டிகிரியில் ஈரம் நிறைந்து கிளம்பும் காற்றில் 30 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரிக்கு ஆறினால் 22 கிராமைத்தான் தாங்கும். மீதி 8 கிராம் ட்யூபுக்குள் தண்ணீராகிறது. நடுராத்திரி களகளவென்று சத்தம், மூக்கில் சில்லென்று ஒரு சொட்டு. ஏசியை 26-க்கு ஏற்றுங்கள், ட்யூபின் மேல் துணி உறை போடுங்கள், மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். ஈரப்பத அளவை ஒரு படி மட்டும் குறையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சொட்டினால் சூடாகும் ட்யூப் வாங்கலாம். உள்ளே ஓடும் கம்பி காற்றை ஆறவிடாது. 27 டிகிரியில் தொடங்குங்கள். ஏசி அறைக்கு எங்கள் ஓட்டு இதற்கே. விலை கூடுதல், மெஷின் மாடலுக்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். கரண்ட் கட்டில் பேட்டரியில் ஓட்டும்போது தொட்டி, ட்யூப் இரண்டின் சூட்டையும் அணைத்துவிடுங்கள். அதிகம் இழுப்பது அதுதான்.

தொட்டிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். போர் தண்ணீர் வெள்ளையாகப் படியும். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. படிந்துவிட்டால் ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து நன்றாக அலசுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம். தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

ஈரத்தை எவ்வளவு கூட்டியும் மூக்கு அடைத்தால், வாய்வழிக் கசிவைப் பாருங்கள். காற்று மூக்கில் நுழைந்து வாயால் வெளியேறிக்கொண்டே இருந்தால் மூக்கின் உட்சவ்வு காய்ந்து வீங்கும். அதற்கு வாயையும் மூடும் மாஸ்க் சரி. படுக்கும் முன் சலைன் (உப்புநீர்) ஸ்ப்ரே தினமும் அடிக்கலாம். மூக்கடைப்புக்குப் போடும் ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் இழுத்தால், அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும்.