55 யார்டா, 267 யார்டா? கல்லூரி ஃபுட்பால் சாதனைப் புத்தகங்கள்: ஒரு மதிப்புரை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணியின் சாதனைகளைத் தேடிப் போனால் மூன்று வகைச் சரக்கு கிடைக்கும். பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் போடும் மீடியா கைடு ஒன்று. ஆட்டத்துக்கு ஆட்டம் புதுப்பிக்கப்படும் சீசன் புள்ளிவிவரத் தாள் இன்னொன்று. மூன்றாவது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இலவச பி.டி.எஃப். ஆக வெளியிடும் சாதனைப் புத்தகம். மூன்றிலும் எண்கள் நம்பகமானவைதான். ஆனால் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்கள் ஒரே விதியில் எண்ணப்பட்டவையா என்பதைப் பட்டியல் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்காது. அதை வாசிப்பவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லூசியானா ஸ்டேட், அதாவது எல்.எஸ்.யு. அணியை எடுத்துக்கொள்வோம். இந்தப் புத்தகங்கள் எங்கெல்லாம் காலை வாருமோ, கிட்டத்தட்ட அத்தனை இடத்துக்கும் இந்த அணியில் ஓர் உதாரணம் உண்டு.

ஒரே சீசனில் அதிக ரஷ்ஷிங் யார்டு, அதாவது பந்தைச் சுமந்து ஓடி முன்னேறிய தூரம் கஜக் கணக்கில்: லெனார்ட் ஃபோர்னெட், 2015, 1,953. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் சார்லஸ் அலெக்சாண்டர், 1977, 1,686. வித்தியாசம் 267 யார்டு; பார்த்தால் பெரிய இடைவெளி. இப்போது ஆட்ட எண்ணிக்கைப் பத்தியைப் பாருங்கள். அலெக்சாண்டருக்கு 11, ஃபோர்னெட்டுக்கு 12. அந்தப் பன்னிரண்டாவது ஆட்டம் டெக்சஸ் டெக் அணிக்கு எதிரான டெக்சஸ் பவுல் (வழக்கமான சீசன் முடிந்தபின் நடக்கும் தனி ஆட்டங்களுக்குப் பவுல் என்று பெயர்). அதில் மட்டும் ஃபோர்னெட் ஓடியது 212 யார்டு. 1977-இலும் எல்.எஸ்.யு. பவுல் ஆட்டம் ஆடியது, அலெக்சாண்டரும் ஓடினார், ஆனால் அந்த யார்டுகள் கணக்கில் ஏறவில்லை. 2002-க்கு முன்பு பவுல் ஆட்டங்கள் சீசன் கணக்கில் சேராது என்பதுதான் விதி. 212-ஐக் கழித்தால் ஃபோர்னெட்டுக்கு 1,741. அவருடைய சீசனின் முதல் ஆட்டம் மின்னலால் ரத்தானதால், பவுலுக்கு முந்தைய ஆட்டங்கள் அவருக்கும் 11-தான். 11-க்கு 11 வைத்துப் பார்த்தால் இடைவெளி 55 யார்டு, ஆட்டத்துக்கு ஐந்து. சாதனை ஃபோர்னெட்டுடையதுதான், மலை மட்டும் மடுவாகிவிட்டது.

இந்த 2002 என்ற கோடு நாடு முழுக்க உள்ள பட்டியல்களை வெட்டுகிறது. பாரி சாண்டர்ஸ் 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்காக 11 ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடினார். ஹாலிடே பவுலில் ஓடிய 222-ஐச் சேர்த்திருந்தால் 2,850. 2024-இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டங்களில் 2,601-இல் நின்றார். அவருடைய கணக்கில் ஃபியெஸ்டா பவுலில் எடுத்த 104 யார்டும் அடக்கம். சாண்டர்ஸ் பந்தைச் சுமந்தது 344 முறை, ஜென்டி 374 முறை. 27 யார்டில் சாதனை தப்பியது என்று செய்திகள் எழுதின. ஒரே அளவுகோல் வைத்திருந்தால் நெருக்கமே இல்லை.

ரான் டேன் விஷயத்தில் இந்தக் கோடு சாதனையையே கைமாற்றிவிட்டது. விஸ்கான்சினில் 1996 முதல் 1999 வரை அவர் ஓடியதாக அதிகாரபூர்வக் கணக்கு சொல்வது 6,397. பவுல் ஆட்டங்களோடு 7,125. 2016-இல் சான் டியேகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரி 6,405 எடுத்து அவரை 8 யார்டில் முந்தினார். முந்தியதே ஒரு பவுல் ஆட்டத்தில்தான். விதி மாறியபோது பழைய கணக்கைத் திருத்தாமல் விட்டது என்.சி.ஏ.ஏ. புத்தகத்தின் ஆகப் பெரிய குறை. பழைய பவுல் ஆட்டங்களின் ஸ்கோர் தாள்கள் ஒன்றும் தொலைந்துபோகவில்லையே.

அடுத்த சிக்கல், சீசனின் முதலிடம் யாருக்கு என்பது. 2015-இல் மொத்த யார்டில் அலபாமாவின் டெரிக் ஹென்ரி: 15 ஆட்டங்களில் 2,219. ஆட்டச் சராசரியில் ஃபோர்னெட்: 162.8, ஹென்ரிக்கு 147.9. என்.சி.ஏ.ஏ. 1970-இலிருந்து ரஷ்ஷிங் முதலிடத்தை ஆட்டச் சராசரியை வைத்தே கணிக்கிறது, அதற்கு முன் மொத்தத்தை வைத்து. எனவே ஆண்டுவாரி முதலிடப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்தால், நடுவில் அளவுகோல் மாறியது தெரியாமலே கடந்துபோவீர்கள். பந்தை எறிந்து முன்னேறும் பாசிங்கில் இது இரண்டு முறை மாறியது: 1969 வரை பிடிபட்ட (சொந்த அணியினர் பிடித்த) பாஸ்களின் மொத்தம், 1970 முதல் 1978 வரை ஆட்டத்துக்கு எத்தனை, 1979-இலிருந்து பாசிங் ரேட்டிங். அணியின் மீடியா கைடு பெரும்பாலும் மொத்தத்தைத்தான் வரிசைப்படுத்தும். இரண்டு நூல்கள் இரண்டு பெயரைச் சொன்னால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

சராசரிப் பட்டியலில் இடம்பெற அணியின் ஆட்டங்களில் 75 சதவீதத்திலாவது ஆடியிருக்க வேண்டும். வகுப்பது வீரர் ஆடிய ஆட்டங்களால், அணி ஆடியவற்றால் அல்ல. 2019-இல் எல்.எஸ்.யு. 15 ஆட்டம் ஆடியது. ஜமார் சேஸ் 14-இல் ஆடி, பாஸ்களைப் பிடித்து 1,780 யார்டு சேர்த்தார். அவருடைய சராசரி 127.1. நீங்களே கணக்குப் போட்டு 118.7 வந்தால், 15-ஆல் வகுத்துவிட்டீர்கள்.

பாசிங் ரேட்டிங் சூத்திரத்தை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், பிறகு அந்தப் பத்தி மிரட்டாது. யார்டை 8.4-ஆல் பெருக்குங்கள், டச்டவுன் பாஸை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் பாஸ்) 330-ஆல், பிடிபட்ட பாஸை 100-ஆல். கூட்டுத்தொகையிலிருந்து ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) 200 கழியுங்கள். வருவதை மொத்த பாஸ் முயற்சிகளால் வகுங்கள். ஜோ பரோவின் 2019 சீசன்: 527 முயற்சி, 402 பிடிபட்டவை, 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். 47,636.4, அதோடு 19,800, அதோடு 40,200. 1,200 கழித்தால் 1,06,436.4. 527-ஆல் வகுத்தால் 202.0. 1965 முதல் 1978 வரையிலான சராசரி குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பாஸ் எறிபவருக்கு, 100 வரும்படி அமைத்த சூத்திரம் இது. அந்தக் காலத்து 130-ஐயும் இன்றைய 130-ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

2023-இல் அதே அணியின் ஜேடன் டேனியல்ஸ் 327 முயற்சி, 236 பிடிபட்டவை, 3,812 யார்டு, 40 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன் என்று முடித்தார். ரேட்டிங் 208.0. அணியின் மொத்தப் பட்டியல்களில் பரோ மேலே, ரேட்டிங்கில் டேனியல்ஸ் மேலே. பரோவின் எண்கள் 15 ஆட்டத்துக்கு, டேனியல்ஸுடையவை 12-க்கு. பரோ பிளேஆஃபின், அதாவது பட்டத்துக்கான இறுதிச் சுற்றின், இரண்டு ஆட்டங்களில் மட்டும் 493-உம் 463-உம் எறிந்தார். அவற்றில் 12 டச்டவுன். பழைய விதிப்படி எண்ணியிருந்தால் அவருக்கு 4,715 யார்டு, 48 டச்டவுன். 2024-இலிருந்து பிளேஆஃபில் 12 அணிகள். அந்த ஆண்டு பட்டம் வென்ற ஓஹையோ ஸ்டேட் 16 ஆட்டம் ஆடியது. இனி மொத்தப் பட்டியல்கள் இன்னும் வீங்கத்தான் போகின்றன. நல்லவேளை, என்.சி.ஏ.ஏ. புத்தகம் ஆட்டச் சராசரிச் சாதனைகளையும் தனியே தருகிறது, சாண்டர்ஸின் 238.9 அதில் அசையாமல் இருக்கிறது.

மூன்றில் அதிகம் கண்டுகொள்ளப்படாதது சீசன் தாள். உண்மையில் சத்து அதில்தான். ரஷ்ஷிங் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முயற்சி, முன்னேறியது, இழந்தது, நிகரம் என்று நான்கு பத்திகள். குவார்ட்டர்பேக்கின் வரியை மட்டும் உற்றுப் பாருங்கள். கல்லூரி விதியில் சாக் ஆனால் (பாஸ் எறியுமுன் பின்னாலேயே வீழ்த்தப்பட்டால்) இழந்த யார்டு அவருடைய ரஷ்ஷிங்கில் கழியும், அதோடு அது ஓர் ஓட்ட முயற்சியாகவும் எண்ணப்படும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் அப்படி இல்லை. அங்கே அது அணியின் பாசிங்கில் கழியும். ஒரு குவார்ட்டர்பேக் ஏழு முறை ஓடி 62 யார்டு எடுத்து, மூன்று முறை சாக் ஆகி 24 இழந்தால், தாளில் நிற்பது 10 முயற்சி, 38 யார்டு, சராசரி 3.8. அவர் உண்மையில் ஓடியபோது கிடைத்தது 8.9. நிகரத்தை மட்டும் எடுத்து எழுதும் சாதனைப் புத்தகத்தில் இந்த வேறுபாடு கரைந்துவிடும். பரோவின் 2019 ரஷ்ஷிங் வரி, 115 முயற்சிக்கு 368 யார்டு, இப்படிக் கரைந்த ஒன்று.

அதே தாளில் வீரர் பெயர்களுக்கு அடியில் 'டீம்' என்று ஒரு வரி வரும், பெரும்பாலும் மைனஸ் எண்ணோடு. கடிகாரத்தை ஓடவிட குவார்ட்டர்பேக் மண்டியிடும்போதும், ஆட்டத்தைத் தொடங்க அவருக்குப் பின்னோக்கித் தரப்படும் பந்து (ஸ்னாப்) தலைக்கு மேலே பறந்து போகும்போதும் இழப்பு அணியின் பெயரில் விழும், ஆளின் பெயரில் அல்ல. வீரர்களின் யார்டைக் கூட்டிப் பார்த்து அணியின் மொத்தத்தோடு இடிக்கிறதென்றால், முதலில் இந்த வரியைப் பாருங்கள். டச்டவுனுக்குப் பிறகு கூடுதலாக எடுக்கும் இரண்டு புள்ளி முயற்சியில் எறிந்த பாஸும் பாசிங் கணக்கில் வராது. ஸ்கோரிங் பகுதியில் மட்டும் இருக்கும்.

தடுப்பாட்டப் பட்டியல்களில் மதிப்பெண் சரிகிறது. டேக்கிளும் (பந்தோடு இருப்பவரை மடக்கி வீழ்த்துவது) சாக்கும் என்.சி.ஏ.ஏ.-வின் அதிகாரபூர்வக் கணக்கில் வந்ததே 2000-இல். அதனால் சீசன் சாக் சாதனை 2002-இல் அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் எடுத்த 24. 1988-இல் அலபாமாவின் டெரிக் தாமஸ் எடுத்த 27 அந்தப் புத்தகத்தின் கணக்கில் இல்லை. தாக்குதல் எண்கள் 1937-இலிருந்து இருக்க, தடுப்பாட்டம் மட்டும் அறுபது சொச்சம் ஆண்டுகளை இழந்து நிற்கிறது. இங்கே மீடியா கைடுகள் கைகொடுக்கும், பல அணிகள் பழைய எண்களைத் தாங்களாகவே பாதுகாத்து வைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் டேக்கிளை உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். ஆட்டத்தை எண்ணுவது உள்ளூர் அணியின் குழு. மூன்று பேர் ஒருவரை அமுக்கும்போது யாருக்கு முழு டேக்கிள், யாருக்கு உதவி என்பதில் ஒரு குழு தாராளம், இன்னொன்று கஞ்சம். சாக்கில் அந்தத் தகராறு குறைவு. இருவர் பங்கென்றால் ஆளுக்கு 0.5.

ரத்தான வெற்றிகள் இன்னொரு கண்ணி. எல்.எஸ்.யு.-வின் 2012 முதல் 2015 வரையிலான 37 வெற்றிகள், தகுதியிழந்த ஓர் ஆட்டக்காரர் ஆடியதற்காக, 2023-இல் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஃபோர்னெட்டின் 1,953 அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான், ஆனாலும் நிற்கிறது. தகுதியிழந்த ஆட்டக்காரரின் எண்கள் மட்டுமே நீங்கும், கூட ஆடியவர்களுடையவை நீங்காது. ஆகவே பயிற்சியாளர் பக்கத்திலும் அணியின் மொத்த வெற்றிக் கணக்கிலும் ஓர் எண், பழைய பத்திரிகையில் வேறோர் எண். ஒரு வெற்றிக் கணக்கை மேற்கோள் காட்டுமுன் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்ப்பது நல்லது.

வாழ்நாள் பட்டியலுக்கு ஒரே எச்சரிக்கை. அணியின் புத்தகம் அந்த அணிக்காக ஆடியதை மட்டும் எண்ணும். எல்.எஸ்.யு.-வில் டாமி ஹாட்சன் 1986 முதல் 1989 வரை நான்கு சீசன் எறிந்து 9,115. ஓஹையோ ஸ்டேட்டிலிருந்து வந்த பரோவுக்கு இரண்டே சீசனில் 8,565. டேனியல்ஸும் அரிசோனா ஸ்டேட்டில் மூன்று ஆண்டு ஆடிவிட்டு வந்தவர். அங்கே எறிந்தது எல்.எஸ்.யு. பட்டியலில் தேடினால் கிடைக்காது. கோவிட் காலத்து 2020 சீசன் யாருடைய தகுதி ஆண்டுகளிலும் (கல்லூரிக்காக ஆட அனுமதியுள்ள ஆண்டுகள்) கழிக்கப்படாததால், அந்தக் கால வீரர்கள் சிலருக்கு ஐந்து, ஆறு ஆண்டு எண்கள் சேர்ந்திருக்கின்றன.

கூடுதல் நேரத்துப் புள்ளிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஓர் ஆட்டம் தவிர. 2018-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் 74, எல்.எஸ்.யு. 72, ஏழு கூடுதல் நேரம். அந்த ஒற்றை ஆட்டம் அந்த ஆண்டின் புள்ளிச் சராசரியைத் தாக்குதலில் உயர்த்தித் தடுப்பில் கெடுத்தது. இன்று மூன்றாவது கூடுதல் நேரத்திலிருந்தே இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டும்தான் என்பதால் அப்படி ஓர் எண் மறுபடி வருவது கடினம்.

என்.சி.ஏ.ஏ. புத்தகத்துக்கு ஐந்துக்கு நான்கு. அணிகளை ஒப்பிட அதைவிட்டால் வேறு வழியில்லை. சாதனை எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருப்பதால் கண் சட்டென்று பிடிக்கும். மீடியா கைடுக்கு மூன்றரை. ஒற்றை ஆட்டம், சீசன், வாழ்நாள் என்று முதல் பத்து இடங்களை அடுக்கித் தருவது அதுதான். சீசன் தாளுக்கு ஐந்தும் கொடுக்கலாம், ஆனால் அதைச் சீசன் முடிந்த கையோடு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பவுல் ஆட்டத்துக்கு முந்தைய தாள் ஒன்று, பிந்தையது ஒன்று என இரண்டாக. கழித்தல் கணக்குப் போட அந்த இரண்டும் வேண்டும்.