ஆப்போசிட் வேர்ட்ஸ் பசில் கார்டு செட்: கிருஷ்ணகிரியில வாங்கினது, யூஸ் பண்ணி பாத்து எழுதறேன்

யூகேஜி படிக்கற என் பொண்ணுக்கு இங்க கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துல ஒரு ஸ்டேஷனரி கடையில ஆப்போசிட் வேர்ட்ஸ் பசில் கார்டு ஒரு பாக்ஸ் வாங்கினேன். எம்ஆர்பி 249, கடையில 220க்கு குடுத்தாங்க. கம்பெனி பேர வேணும்னே போடல, ஏன்னா அந்த கடையில இருந்த மத்த பாக்ஸையும் திருப்பி திருப்பி பாத்தேன், படம் தான் மாறுது, யோசிச்ச விதம் எல்லாத்துலயும் ஒண்ணு தான். நீங்க எத வாங்கினாலும் இது உதவும்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். மொத்தம் 30 ஜோடி, 60 துண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல வெட்டு வேற வேற மாதிரி இருக்கு, பிக் கூட ஸ்மால் மட்டும் தான் சேரும், வேற எத வெச்சாலும் மாட்டாது. அதனால பக்கத்துலயே உக்காந்து ரைட்டு, தப்புன்னு சொல்லிட்டு இருக்க வேண்டியதில்ல, நான் அடுப்புல களி கிண்டிட்டு இருக்கறப்ப அவ பாட்டுக்கு கீழ உக்காந்து சேத்துக்கிட்டு இருப்பா. அட்டை நல்ல கனம், மேல லேமினேஷன் இருக்கு, ஈரக்கை பட்டாலும் தொடச்சிடலாம், ஓரம் மட்டும் பிரிய ஆரம்பிச்சிருக்கு. பாக்ஸ் மேல ஐஎஸ்ஐ மார்க் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, 14 வயசுக்கு கீழ இருக்கற பசங்க விளையாடற சாமானுக்கு 2021 ஜனவரியில இருந்து அது கட்டாயம், மார்க் இல்லாதது கம்மி விலைக்கு கிடைச்சாலும் வேண்டாம், சின்னதுங்க எல்லாத்தையும் வாயில தான் வெக்கும்.

எழுத்து பூராவும் கேப்பிடல் லெட்டர். ஸ்கூல்ல ஸ்மால் லெட்டர்ல படிக்க சொல்லி குடுக்கறாங்க, இங்க இப்படி இருந்தா குழந்தை வார்த்தைய படிக்கறதில்ல, படத்த பாத்து தான் சொல்லுது. கார்டுக்கு பின்னாடி வெறுமனே விட்டிருக்காங்க, அதுல மார்க்கர் வெச்சு ஸ்மால் லெட்டர்ல எழுதிட்டேன், இப்ப பின்பக்கம் திருப்பி வெச்சும் விளையாடறா.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், படம். ஃபுல் × எம்ப்டிக்கு ஒரே டம்ளர், ஒண்ணுல பால் நிறைய, ஒண்ணுல காலி. ஓப்பன் × க்ளோஸுக்கு ஒரே கதவு. வெட் × ட்ரைக்கு ஒரே துண்டு, ஒண்ணு சொட்ட சொட்ட, ஒண்ணு கொடியில காயுது. இந்த கார்டெல்லாம் அருமை, சொல்லியே குடுக்க வேண்டியதில்ல, பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டா. ஆனா ஹாட் × கோல்டுக்கு ஒரு பக்கம் டீ, இன்னொரு பக்கம் ஐஸ்கிரீம். ஹெவி × லைட்டுக்கு யானையும் இறகும். என் பொண்ணு நேரா வந்து டீக்கு ஆப்போசிட் ஐஸ்கிரீம், யானைக்கு ஆப்போசிட் இறகுன்னு சொன்னா. குழந்தை மேல தப்பே இல்ல, அந்த படம் அத தானே சொல்லுது. ஆப்போசிட்னா என்னன்னு கொஞ்சம் யோசிச்சு பாருங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு பொருள் ஆப்போசிட் ஆகாது, மத்தது எல்லாம் ஒரே மாதிரி இருந்து ஒரே ஒரு விஷயம் மட்டும் இந்த கோடியில இருந்து அந்த கோடிக்கு மாறினா தான் ஆப்போசிட். டீயும் ஐஸ்கிரீமும் கலர்ல வேற, ருசியில வேற, குடிக்கறது ஒண்ணு, சாப்பிடறது ஒண்ணு, இதுல எத பாத்து குழந்தை சூடுங்கறத பிரிச்சு எடுக்கும்? இந்த 30 ஜோடியில பாதிக்கு மேல இந்த பிரச்சனை இருக்கு, எனக்கு ரொம்ப வருத்தமா இருந்த விஷயம் இது தான்.

அந்த ஜோடிங்கள நான் கார்டுல சொல்லி குடுக்கவே இல்ல. ரெண்டு எவர்சில்வர் டம்ளர், ரெண்டுலயும் தண்ணி, ஒண்ணு கை பொறுக்கற சூடு, ஒண்ணு ஃப்ரிட்ஜ் தண்ணி, தொட்டு பாத்து ஹாட், கோல்டுன்னு சொல்ல சொன்னேன். ஹெவி, லைட்டுக்கு ஒரே மாதிரி ரெண்டு டப்பா, ஒண்ணுல ராகி மாவு நிறைய, ஒண்ணு காலி, கண்ண மூடிக்கிட்டு தூக்கி பாக்கணும். அதுக்கப்புறம் கார்டு குடுத்தா யானையையும் இறகையும் சரியா புரிஞ்சுக்கறா. கை தொட்டது முதல்ல, கார்டு அப்புறம்.

இன்னொரு குறை, அந்த வெட்டு. ரைட்டு தப்ப அதுவே காட்டுதுன்னு மேல சொன்னேன்ல, அதே தான் சில இடத்துல ஆபத்து. லைட்டுங்கற கார்ட எடுத்துட்டு என் பொண்ணு டார்க்க தேடுனா, நல்லா தேடுனா, இந்த செட்டுல டார்க்கே இல்ல. கடைசியில நைட் கார்ட கொண்டு வந்து வெச்சு பாத்தா, மாட்டல, முகம் வாடி போச்சு. ஆனா அவ யோசிச்சது சரி தானே? லைட்டுக்கு டார்க்கும் ஆப்போசிட், ஹெவியும் ஆப்போசிட். ஓல்டுக்கு செருப்புன்னா நியூ, பாட்டின்னா யங். ஷார்ட்டுக்கு ஆளுன்னா டால், கயிறுன்னா லாங். ரைட்டுக்கு கைன்னா லெஃப்ட், கணக்குன்னா ராங். ஹார்டுக்கு கல்லுன்னா சாஃப்ட், பரீட்சைன்னா ஈஸி. இந்த மாதிரி வார்த்தைக்கு ஒரே ஜோடிய வெட்டி குடுத்தா சரியா யோசிக்கற குழந்தைக்கு தான் தப்புன்னு பதில் கிடைக்குது. நான் என்ன பண்றேன்னா வெறும் வார்த்தைய கேக்கறதே இல்ல, ஓல்ட் செருப்புக்கு என்ன, ஓல்ட் பாட்டிக்கு என்னன்னு பொருளோட சேத்து கேக்கறேன். ஸ்கூல் டீச்சர் யாராவது இத படிச்சா ஒரு வேண்டுகோள், ஹேப்பிக்கு சேடுன்னு எழுதினாலும் அன்ஹேப்பின்னு எழுதினாலும் மார்க் போட்டுடுங்க, ரெண்டும் சரி.

30 ஜோடியையும் ஒரே நேரத்துல கொட்டி குடுக்காதீங்க. நான் மூணு குவியலா பிரிச்சேன். ஆன் × ஆஃப், இன் × அவுட் மாதிரி நடுவுல ஒண்ணுமே இல்லாதது முதல் குவியல், சுவிட்ச் ஒண்ணு எரியும், இல்ல எரியாது, அவ்வளவு தான், குழந்தைக்கு இது தான் ரொம்ப சுலபம். ரெண்டாவது பிக் × ஸ்மால், ஹாட் × கோல்ட், ஃபுல் × எம்ப்டி, இதுல நடுவுல நிறைய இருக்கு, ஹாட்டுக்கும் கோல்டுக்கும் நடுவுல வார்ம் இருக்கு, கூல் இருக்கு. கேஆர்பி டேமுக்கு, அதான் நம்ம கிருஷ்ணகிரி அணைக்கு, கூட்டிட்டு போனா இத அங்கயே காட்டலாம், 52 அடி டேம், தண்ணி ஃபுல்லாவும் இல்ல, எம்ப்டியும் இல்லன்னா அத எப்படி சொல்றதுன்னு கேட்டேன், ஹாஃப்னு அவளே சொன்னா. மூணாவது பை × செல், கிவ் × டேக். இது கஷ்டம், ஏன்னா இங்க நடக்கறது ஒரே வேலை, ரெண்டு பக்கத்துல இருந்து பாக்கறோம், நான் தக்காளி பை பண்றப்ப அதே தக்காளிய கடைக்கார அண்ணன் செல் பண்றாரு. கார்டுல ரெண்டு தனித்தனி கடை படம் போட்டிருக்காங்க, புரியவே புரியாது. வீட்டுலயே கடை வெச்சு விளையாடுங்க, அப்புறம் இடம் மாறி நில்லுங்க, பட்டுன்னு பிடிச்சுக்குவாங்க. புஷ் × புல்லும் அப்படி தான், ஏடிஎம் கதவுல ஒட்டியிருக்கறத படிக்க வெச்சு அவங்களையே திறக்க விடுங்க, ரெண்டு வார்த்தையும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கறதால கார்டுல மட்டும் பாத்தா மாத்தி மாத்தி சொல்லுவாங்க.

மாம்பழ சீசன்ல நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்கு பாதி கார்டு வேண்டியதே இல்ல. ஒரு மாங்கா, ஒரு செங்காய், ஒரு மாம்பழம் வரிசையா வெச்சிடுங்க. ரா × ரைப், ஹார்ட் × சாஃப்ட், சவர் × ஸ்வீட் மூணும் அங்கயே இருக்கு, நடுவுல செங்காய் இருக்கறதால கொஞ்சம் கொஞ்சமா மாறுதுங்கறதும் தெரியும், அழுத்தி பாக்கலாம், கடிச்சு பாக்கலாம். அப்படி வெச்சப்ப தான் என் பொண்ணு, பச்சைக்கு ஆப்போசிட் மஞ்சளாம்மான்னு கேட்டா. நல்ல கேள்வி அது. கலர் மாறுது, ஆனா பச்சையும் மஞ்சளும் ஒண்ணுக்கொண்ணு எதிர் இல்ல, பழுத்தா சிவக்கற பழமும் இருக்கேன்னு சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னா. கூடவே இன்னொண்ணு, பழத்துக்கு தான் ரா × ரைப், காய்கறின்னா ரா × குக்டு, பச்சை கேரட்டையும் வெந்த கேரட்டையும் தட்டுல வெச்சு காட்டுங்க.

பாக்ஸ பிரிச்ச அன்னைக்கே எடுத்து போட்ட ஒரு ஜோடி இருக்கு, பியூட்டிஃபுல் × அக்லி. வெள்ளையா ஒரு பொண்ணு பியூட்டிஃபுல், கருப்பா முடி கலைஞ்சு ஒரு பொண்ணு அக்லி. எனக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. என் பொண்ணு மாநிறம், அவ ஃப்ரெண்ட்ஸ் பாதி பேரு நல்ல கருப்பு, அஞ்சு வயசுல இங்கிலீஷ் கூடவே இதையும் கத்துக்கணுமா? மொழி கத்துக்குடுக்க வந்த சாமான்ல இத வெக்கறவங்களுக்கு கொஞ்சம் கூட யோசனை இல்லையா? நீங்க வாங்கினா அந்த கார்டு இருக்கான்னு முதல்ல பாத்து எடுத்துடுங்க, ஃபேட் × தின் படத்தையும் பாருங்க, குண்டா ஒரு பையன வெச்சு சிரிக்கற மாதிரி இருந்தா அதுவும் வேண்டாம், தடிமனான புத்தகமும் ஒல்லியான புத்தகமும் வெச்சு திக் × தின் சொல்லி குடுத்துக்கலாம்.

நம்ம பக்கம் வீட்டுக்குள்ள தெலுங்கு, கன்னடம், உருது பேசறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்காக இது. எங்க பக்கத்து வீட்டு பையன் வீட்டுல தெலுங்கு தான், ஸ்கூல்ல தமிழும் இங்கிலீஷும். கார்ட காட்டினா பேசாம நிப்பான், அவங்க அம்மா இவனுக்கு ஒண்ணுமே வரலன்னு கவலைப்பட்டாங்க. அவங்களையே தெலுங்குல கேக்க சொன்னேன், பெத்ததி ஏதி, சின்னதி ஏதின்னு, அதாவது பெருசு எது, சின்னது எதுன்னு. டக்கு டக்குனு காட்டினான். அவனுக்கு எல்லாம் தெரியும், இங்கிலீஷ் பேரு மட்டும் தான் தெரியல, பேர ஒட்ட வெக்கறது அப்புறம் ரெண்டு நாள் வேலை. வீட்டுல எந்த பாஷையோ அதுல முதல்ல கேளுங்க.

பாக்ஸ்ல 3 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு, என்னைக் கேட்டா நாலு, நாலரை வயசுக்கு சரியா இருக்கும். கூட உக்காந்து கொஞ்ச நேரம் ஒதுக்க முடியும்னா 220 குடுக்கலாம், 5க்கு 3 ஸ்டார் குடுப்பேன். குழந்தை கையில குடுத்துட்டு அதுவே கத்துக்கும்னு நினைச்சா வெறும் பசிலா தான் விளையாடுவாங்க, என் பொண்ணே இப்ப வார்த்தைய பாக்காம வெட்ட மட்டும் பாத்து சேக்க பழகிட்டா, அதனால சில நாள் ஒரு பாதிய மட்டும் எடுத்து வெச்சுட்டு இன்னொண்ண வாயால சொல்ல சொல்றேன். கடைக்கார அண்ணன் நல்ல மனுஷன், சீல் பிரிச்சு காட்டுங்கன்னு கேட்டா சாம்பிள் பாக்ஸ் ஒண்ணு எடுத்து குடுக்கறாரு, ஹாட் × கோல்ட் படம் எப்படி இருக்குன்னு அத மட்டும் பாருங்க, டம்ளரோ தண்ணியோ ஒரே பொருளா இருந்தா அந்த கம்பெனி செட்ட வாங்கிடுங்க.