மாதக்கணக்கில் பிரெஸ்ட் பம்ப்: பாட்டிலில் எவ்வளவு வரும், ஏன் குறையும்

பம்ப் வாங்கியவர்கள் முதலில் பார்ப்பது பாட்டிலில் இருக்கும் மில்லி கோட்டைத்தான். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லி வந்தால் மனசு விட்டுப்போகும். கூட இருப்பவர் "பால் பத்தல போல" என்று ஒரு வார்த்தை சொன்னால், சாயங்காலத்துக்குள் பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் குழந்தைக்கு நேரடியாகக் கொடுத்துக்கொண்டே இடையில் ஒரு தடவை பம்ப் செய்யும் தாய்க்கு 15 முதல் 60 மில்லி வருவது சகஜம். குழந்தை குடித்தது போக மிச்சம்தானே பம்புக்குக் கிடைக்கிறது?

பம்ப் மட்டுமே என்றால் கணக்கு வேறு. ஒரு மாதம் முடிந்ததிலிருந்து ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கும். நன்றாக எடை ஏறும் குழந்தைகளிலேயே 500 மில்லி குடிப்பதும் உண்டு, 1,200 குடிப்பதும் உண்டு. பவுடர் பால்போல வயது ஏற ஏற அளவும் ஏறிக்கொண்டே போகாது. 8 தடவை பம்ப் செய்தால் தடவைக்கு 90, 100 மில்லி. வேலைக்குப் போகிறவர்கள் மணிக்கு 30 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். 9 மணி நேரம் வெளியே இருந்தால் 270 முதல் 300 வரை போதும். காலையில் அதிகம் வரும், சாயங்காலம் குறையும். அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போதுமா என்பதை பாட்டில் சொல்லாது. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 தடவை சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் சொல்லும்.

பிரசவமான முதல் இரண்டு நாள் பம்ப் அவ்வளவாக உதவாது. சீம்பால் கெட்டியானது, முதல் நாள் மொத்தமே 30 மில்லி அளவில்தான் இருக்கும். பம்பில் எடுத்தால், மார்பில் பொருத்தும் புனலிலேயே ஒட்டி வீணாகும். கையால் பீய்ச்சி நேராகப் பாலாடையில் பிடிப்பதே மேல்.

அடுத்து புனல். பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் புனல்தான் இருக்கும். நிறைய பேருக்கு அது பெரிது. கருவளையத்தை விட்டுவிட்டு, காம்பின் குறுக்களவை மட்டும் ஸ்கேலால் அளந்து, அதோடு 1 முதல் 3 மில்லிமீட்டர் கூட்டிப் பார்க்க வேண்டும். 17, 19, 21 அளவுகளில் உள்ளே செருகும் சிலிக்கான் வளையம் தனியாகக் கிடைக்கிறது. பம்ப் ஓடும்போது கருவளையமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபட்டால் புனல் பெரிது; காம்பு பக்கச் சுவரில் உரசி வெளுத்தால் சிறிது. இரண்டிலும் வலிக்கும், வலித்தால் பால் இறங்காது. சக்‌ஷனைக் கடைசி எண்ணுக்கு ஏற்றி வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதால் பயனில்லை. வலிக்காத அளவில் எது அதிகமோ அதுவே சரி.

முதலில் வேகமாகவும் மென்மையாகவும் இழுக்கும் தூண்டல் மோட். ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் பீய்ச்ச ஆரம்பித்ததும் மெதுவான, ஆழமான மோடுக்கு மாற்றலாம். மொத்தம் 15 முதல் 20 நிமிடம். இடையில் தூண்டல் மோடுக்குத் திரும்பினால் இன்னொரு தடவை இறங்கும். பம்ப் ஓடும்போதே மார்பை மெல்ல அழுத்திவிட்டு, கடைசியில் கையாலும் பீய்ச்சுவது நல்ல பலன் தரும்: 2009-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு இப்படிச் செய்ததில் சுரப்பு 48 சதவீதம் கூடியது.

மூன்று, நான்கு மாதம் ஓடிய பிறகு "திடீர்னு பால் வத்திடுச்சு" என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். பல நேரம் இது வால்வு பிரச்சினை. பாட்டிலுக்கு மேலே வாத்து அலகுபோலத் தொங்குமே, அந்தச் சின்ன சிலிக்கான் துண்டு. ஒவ்வொரு இழுப்புக்கும் அதன் பிளவு முழுசாக மூடினால்தான் காற்று இழுபடும். பிரஷ் விட்டுத் தேய்த்தாலும், தினமும் கொதிக்க வைத்தாலும் பிளவு தளர்ந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கோடு ஒட்டியிருக்காமல் இடைவெளி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். நாளுக்கு நாலைந்து தடவை பம்ப் செய்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். பேட்டரி தேய்ந்தாலும் இழுவை குறையும். சார்ஜரில் போட்டு ஓட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு வெந்தயம், பூண்டு, சுறாப்புட்டுக்குப் போகலாம். (சுறாப்புட்டு சாப்பிட நன்றாகவே இருக்கும், ஆனால் கிழிந்த வால்வை அது சரிசெய்யாது.)

பிராவுக்குள் வைக்கும் வயரில்லாத பம்ப் ஆபீசுக்கும் சமையலறைக்கும் வசதி. குனிந்தால் கசியும், உள்ளே காம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம், கழுவவும் உதிரி அதிகம். சுரப்பு நிலைபெறும் முதல் ஒன்றரை மாதத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் காலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் டபுள் எலக்ட்ரிக்தான். குழந்தை என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தால் நாளுக்கு 8 தடவையாவது, அதில் ஒன்று நடுராத்திரி தாண்டி. கையால் இயக்கும் பம்பைக் கைவசம் வைத்திருங்கள், கரண்ட் போனால் அதுதான் துணை.

சேமிப்பதில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். அறை வெப்பத்தில் 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்குச் சொன்னது. சென்னை மே மாதத்தில் அதை மறந்துவிட்டு உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில், கதவில் வைக்காமல் உள்தள்ளி வைத்தால் 4 நாள். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் 6 மாதம் நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் பெட்டி அவ்வளவு குளிராது. இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். 60 முதல் 100 மில்லியாகப் பிரித்து, தேதி எழுதி உறைய வைத்தால் வீணாகாது. உருகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. சோப்பு வாடை வந்தால் கெட்டது என்று அர்த்தமில்லை, பாலில் உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிரித்ததால் வருவது. குழந்தை மறுக்காவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பால் பட்ட பாகங்களைச் சிங்க்கில் போடாமல் தனிக் கிண்ணத்தில் கழுவி, பம்போடு வந்த கையேட்டில் கொதிக்க வைக்கலாம் என்று போட்டிருந்தால் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, காற்றில் உலர விடுங்கள். டியூபுக்குள் நீர்த்துளி நின்றால் வெறும் பம்பைச் சில நிமிடம் ஓட்டிக் காய வையுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் டியூபையே தூக்கிப் போடுங்கள்.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருக்கும்போது, காலியாகும்வரை விடாமல் பம்ப் செய்வது வினையாகும். எடுக்க எடுக்கச் சுரப்பும் ஏறும், வீக்கமும் ஏறும். வழக்கமான அளவுக்கு எடுத்துவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். சிவந்து சூடாகி, காய்ச்சலும் நடுக்கமும் ஒரு நாளில் தணியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. எந்த மருந்து என்பதை மட்டும் பாலூட்டுவதாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.