கார்பென்ட்ரியா, பித்தியாவா, ஹேக்வீக்கா?

பனிப்பாறை, கடல், மழை என்று எதை ஆராய வந்தாலும், இளம் புவி அறிவியலாளரின் நாளில் பெரும்பகுதி தரவுக் கோப்புகளோடுதான் போகிறது. அதற்கு வேண்டிய கோடிங்கை முறையாகச் சொல்லித்தராத துறைகள் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவில் இந்தக் குறையைத் தீர்க்க வந்த மூன்று வழிகளைப் பார்ப்போம்.

சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி 1998இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கியது. இன்று அது வழக்கமாக 2 நாள் பட்டறை: கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் யூனிக்ஸ் ஷெல், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git), பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழி. ஆசிரியர் வரிவரியாகத் தட்டத் தட்ட மாணவர்களும் கூடவே தட்டுவார்கள். சிக்கினால் மடிக்கணினியில் ஒரு வண்ணச் சீட்டை ஒட்டினால் போதும், உதவியாளர் வந்துவிடுவார். கை தூக்கிக் கேட்கக் கூச்சப்படுபவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் அதன் பைத்தான் பாடம் ஒன்றில் வருவது மூட்டு வீக்க நோயாளிகளின் தரவு. கடல் வெப்பநிலையை ஆராய்பவர் ஊர் திரும்பித் தன் நெட்சிடிஎஃப் கோப்பை (கடல், வானிலைத் தரவு வழக்கமாக வரும் கோப்பு வடிவம்) திறக்கும்போது மறுபடி தனியாக நிற்கிறார். உயிரியல் முனைவர் பட்ட மாணவர்களை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு, குறும்பயிற்சிகளுக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் ஆய்வுத் திறனில் வேறுபாடு தெரியவில்லை என்றது. அது கார்பென்ட்ரியை மட்டும் அளந்த ஆய்வல்ல. இருந்தாலும் 2 நாளோடு நிறுத்திவிடும் துறைகள் அதைப் படிக்க வேண்டும்.

பிராஜெக்ட் பித்தியா இதற்கு நேரெதிர். வளிமண்டல ஆய்வு மையமான என்கார், வானிலைத் தரவுக் கருவிகளைத் தரும் யூனிடேட்டா, ஆல்பனி பல்கலைக்கழகம் சேர்ந்து உருவாக்கிய இலவசப் பாடங்கள். உதாரணங்கள் எல்லாம் வானிலையும் கடலும்தான். பல பரிமாணத் தரவைக் கையாளும் பைத்தான் நூலகமான (ஆயத்தக் கோட் தொகுப்பு) எக்ஸ்அரேயை (xarray) கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி 11 மணிக்கு எர்ரர் வந்தால் பக்கத்தில் யாரும் இல்லை.

என் ஓட்டு ஹேக்வீக்குக்கே. ஒரு வாரம் ஒன்றாக உட்கார்ந்து, கற்றுக்கொண்டே கோட் எழுதும் முகாம் அது. பனியின் உயரத்தை அளக்கும் நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் 2018 செப்டம்பரில் ஏவப்பட்டது. அதன் லேசர் நொடிக்கு 10,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் 6 கற்றைகளாகப் பிரிந்து தரையைத் தொடுகிறது. அந்தத் தரவை ஒருவர் தனியாகப் பழகுவது பெரும்பாடு. 2019 ஜூனில் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், இதற்கென்றே ஒரு ஹேக்வீக் நடந்தது. காலையில் பாடம், அப்புறம் சிறு குழுக்களாக, தாங்களே தேர்ந்த கேள்வியோடு வேலை. தரவைத் தயாரித்த விஞ்ஞானியும் அதை முதன்முதலாகத் திறக்கும் மாணவரும் ஒரே மேசையில். அங்கே முளைத்த முயற்சிதான் ஐஸ்பிக்ஸ் என்ற பைத்தான் நூலகமாக வளர்ந்தது. கற்க வந்தவர்களின் கோட் மற்றவர்களுக்கும் கருவியாகிவிட்டது. வேறு எந்தப் பயிற்சியிலும் இதை எளிதில் எதிர்பார்க்க முடியாது.

குறையும் உண்டு. இடம் கொஞ்சம்தான், விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கோட்) எழுதத் தெரியாமல் போனால் குழுவில் வேடிக்கை பார்ப்பவராகிவிடும் ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்டவர் முதலில் கார்பென்ட்ரிக்குப் போகட்டும், இடையில் சில மாதம் பித்தியாவில் பழகட்டும்.

சியாட்டில் வரை போக முடியாத துறை இதையே சிறிதாக நடத்தலாம். ஒரே தரவுத் தொகுப்பு, அதை நன்றாக அறிந்த ஒருவர், 5 நாள். எல்லோருக்கும் பொதுவாக, உலாவியிலேயே கோட் எழுதி ஓட்ட உதவும் ஒரு ஜூபிட்டர்ஹப் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். இல்லையென்றால் முதல் நாள் முழுக்க இன்ஸ்டால் செய்வதிலேயே போய்விடும்.