படம் சுருக்க போட்டோஷாப்: ‘ஆட்டோமேட்டிக்’கை நம்பலாமா?

24 மெகாபிக்சல் கேமராவின் 6000 × 4000 படத்தை இணையத்துக்காக 1500 × 1000 ஆக்கினால், 16 பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. அந்தச் சேர்க்கையை மென்பொருள் எந்தக் கணக்கில் செய்கிறது என்பதில்தான் தரம் இருக்கிறது. அடோபி போட்டோஷாப்பில் நல்ல கணக்கும் உண்டு, ஆனால் நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

‘இமேஜ் சைஸ்’ பெட்டியில் முதலில் ‘ரீசாம்பிள்’ (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் ‘ரெசல்யூஷன்’ எண்ணை (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) 300-லிருந்து 72 ஆக்கினால் ஒரு பிக்சல்கூடக் குறையாது. அச்சில் எத்தனை அங்குலம் வரும் என்பதுதான் மாறும். ‘இணையத்துக்கு 72’ என்ற பழைய பேச்சை விட்டுத்தள்ளுங்கள். பத்துப் பத்து சதவீதமாகக் குறைப்பதும் வீண்வேலை. ஒவ்வொரு முறையும் மறுகணக்கு நடந்து படம் மங்கும்.

‘ரீசாம்பிள்’ பக்கத்தில் உள்ள முறைப் பட்டியலை ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டால், சுருக்கும்போது ஓடுவது ‘பைக்யூபிக் ஷார்ப்பர்’ என்ற கணக்கு. இது கூடவே கூர்மையும் ஏற்றும். ரா கோப்பிலிருந்து (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு) வந்த மென்மையான படத்துக்குச் சரி. போன் படம் ஏற்கெனவே ஷார்ப் ஆகித்தான் வருகிறது. அதில் பட்டுப்புடவை ஜரிகை மணல் தூவியதுபோல் ஆகிவிடும், வானத்தை ஒட்டிய கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். அதற்கு வெறும் ‘பைக்யூபிக்’ போதும். சுருக்கியபின் லேயரை நகலெடுத்து ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற கூர்மை ஃபில்டர் போடுங்கள்: அமவுண்ட் 60–80, ரேடியஸ் 0.3–0.5, த்ரெஷோல்ட் 0. பிளெண்ட் மோடை ‘லூமினாசிட்டி’ ஆக்கினால் விளிம்பில் நிறம் பிசிறாது. கூடிப்போனால் ஒபாசிட்டியைக் குறைக்கலாம். 100 சதவீதப் பார்வையில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

பெரிய குறை வேறு. 8, 16 பிட் படங்களில் போட்டோஷாப் உண்மையான ஒளியின் அளவைச் சராசரி எடுக்காமல், காமா ஏற்றிய (கோப்பில் சேமிக்க வளைத்து மாற்றிய) எண்களையே சராசரி எடுக்கிறது. ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிவரும் கோடுகளைப் பாதியாக்கினால், 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் சுமார் 188 வர வேண்டிய சாம்பல் 128 ஆக இருண்டு வருகிறது. திருவிழா இரவுப் படத்தில் சீரியல் பல்புகள் மங்குவது இதனால்தான். வழி உண்டு: லேயர்களை ஒன்றாக்கி, 32 பிட்டுக்கு மாற்றிச் சுருக்குங்கள். 8 பிட்டுக்குத் திரும்பும்போது வரும் ‘எச்டிஆர் டோனிங்’ பெட்டியில் ‘எக்ஸ்போஷர் அண்ட் காமா’ முறையைத் தேர்ந்து, எக்ஸ்போஷர் 0, காமா 1 வையுங்கள். 1990-இல் வெளிவந்த மென்பொருள், இதை ஒரு டிக் பெட்டியாகவாவது தந்திருக்கலாம்.

சேமிக்குமுன் ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ மூலம் இணையத்தின் பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். ‘அசைன்’ செய்தால் நிறமே மாறிப்போகும். ‘சேவ் ஆஸ்’ ஜேபெக்கில் தர எண் 12-க்கு 10 தாராளம். இடம் போதவில்லை என்றால் 7 வரை இறங்கலாம், 6-க்கு வேண்டாம். 6-உம் அதற்குக் கீழும் நிறத் தகவலைக் கால்பங்காகக் குறைத்துவிடும். சிவப்பு எழுத்தும் குங்குமப் பொட்டும் விளிம்பில் கசியும். வேடிக்கை என்னவென்றால், சில படங்களில் 7-இன் கோப்பு 6-ஐவிடச் சிறியதாகவே வரும்.

சுருக்குவது மட்டுமே வேலை என்றால் இதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டாம். விண்டோஸில் இர்ஃபான்வியூ சொந்த உபயோகத்துக்கு இலவசம். லான்சோஸ் என்ற தரமான சுருக்கக் கணக்கில் ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே மூச்சில் சுருக்கித் தரும். ரீடச்சும் நிறத் திருத்தமும் போட்டோஷாப்பில்தான் என்பவர்கள், மேலே சொன்ன படிகளை ஒரு ‘ஆக்‌ஷன்’ ஆக (ஒரே கிளிக்கில் திரும்ப ஓடும் படித்தொகுப்பு) பதிவு செய்துகொள்ளலாம்.