ஆமைத் தொட்டிக்கு விளக்கு: மதுரை வெக்கையில் மூன்று வருட அனுபவம்

ஆமை வளர்ப்பு என்றாலே முதலில் சூட்டு பல்பை வாங்கச் சொல்வார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. மதுரையில் மாடி வீட்டில் ரெட் இயர் ஸ்லைடர் என்ற நீர் ஆமையை வளர்ப்பவர் முதல் காசை யுவிபி (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்) தரும் டியூபுக்குத்தான் போட வேண்டும்.

யுவிபி பட்டால்தான் ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாமல் கணவாய் ஓடு எவ்வளவு கொடுத்தாலும் கால்சியம் உடம்பில் சேராது, ஆமை ஓடு மெத்தென்று ஆகிவிடும். தொட்டி வாங்கிய கடையில் நீல எல்இடி பட்டை ஒன்றை ‘ஆமை லைட்’ என்று தலையில் கட்டப் பார்த்தார்கள். பார்க்க அழகு, யுவிபி துளியும் வராது. ஜன்னலோரம் வைத்தாலும் பலனில்லை, கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் வெந்நீரும் பாசியும்தான் மிச்சம்.

நான் போட்டிருப்பது 5.0 என்று யுவிபி அளவை அச்சிட்ட டி5 (ஒல்லி ரகம்) டியூப், மேலே ரிஃப்ளெக்டருடன். ஆமை ஏறிக் காயும் மேடைக்கு நேர் மேலே, அதன் முதுகிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து அளந்தால் கணக்கு தப்பும். நடுவே கண்ணாடி மூடி கூடாது, கம்பி வலைகூடக் கொஞ்சம் விழுங்கும். பக்கவாட்டில் மாட்டினால் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். தொட்டியின் மறு ஓரம் நிழலாகவே இருக்கட்டும்.

சூட்டு பல்பும் அதே மேடைக்கு மேல், டியூபை ஒட்டி. சாதாரண 50 வாட் ஹாலஜன் போதும், ஆனால் பீங்கான் ஹோல்டர் கட்டாயம். தண்ணீர் தெறித்தால் சூடான பல்பு வெடிக்கும், அதனால் மேடையின் நடுவுக்குத் தள்ளியே வைத்திருக்கிறேன். மேடையில் 32 முதல் 35 டிகிரி வேண்டும். சித்திரையில் எங்கள் அறையே அந்தச் சூட்டுக்கு வந்துவிடுகிறது, ஆகவே பங்குனி முதல் ஆனி வரை பல்பு அட்டைப்பெட்டிக்குள். மார்கழிக் காலையில் போட்டால், மேலே ஏறிப் பின்னங்கால் இரண்டையும் நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக்கொண்டு படுக்கிறான் நம்ம ஆள். மேடைக்கு ஏறிய வேகத்தில் குதித்தாலோ வாயைப் பிளந்தாலோ, பல்பை உயர்த்த வேண்டும்.

டைமர் வாங்கும்போது கவனம். சுழலும் டயல் வகை கரண்ட் போனால் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நிறுத்தினால், ஆறு மணிக்கு அணைய வேண்டிய விளக்கு ராத்திரி இரண்டு வரை எரியும். ஆமைக்குப் பகலில் 12 மணி நேர வெளிச்சமும் இரவில் முழு இருட்டும் வேண்டும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறியபின் அந்தத் தொல்லை இல்லை.

உண்மையான செலவு டியூபை மாற்றுவதுதான். வெளிச்சம் அப்படியே தெரியும், யுவிபி மட்டும் குறைந்துபோயிருக்கும். மாட்டிய மாதத்தை மார்க்கரில் டியூபின் ஓரத்தில் எழுதி, வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறேன்.

இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் டியூப் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான். தினமும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போக முடிந்தால் டியூபே வேண்டாம். எனக்கு ஞாயிறு காலை மட்டும்தான் முடிகிறது. அகலமான டப்பில் பாதிக்குப் பலகை போட்டு நிழல் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். டப்புத் தண்ணீர் சீக்கிரம் சுட்டுவிடும், காக்காயும் சுற்றும்.