பொடியும் பலகாரமும் அனுப்புகிறவர்கள் எந்த நாட்டு உணவு எச்சரிக்கையைப் பார்ப்பது?

காரைக்குடியிலிருந்து மசாலாப் பொடி, எள்ளுப் பொடி, தேன்குழல், சீப்புச்சீடை என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு தொழில்களில் எங்களுடையதும் ஒன்று. சிங்கப்பூர், மலேசியாவோடு நின்ற சரக்கு பாரிஸ் தமிழ்க் கடைகளுக்கும் போகத் தொடங்கியபோது ஒரு வேலை கூடியது. எந்த நாட்டில், எந்தப் பொருளை, என்ன காரணத்துக்காகத் தடுக்கிறார்கள் என்பதைத் தவறாமல் பார்த்துவர வேண்டும். இதற்கு நான்கு வழிகளைப் பார்த்தோம். கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ராஸ்ஃப்’ என்ற விரைவு எச்சரிக்கை அமைப்பைத்தான் பிடித்துக்கொண்டோம்.

உலக அளவில் பெரியது ‘இன்ஃபோசான்’. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. 2004-இல் தொடங்கியது, 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இதன் பலம் சாதாரணமானதல்ல. 2022-இல் பெல்ஜியத்தில் தயாரான சாக்லேட்டில் சால்மோனெல்லா கிருமி இருந்தது தெரிந்தபோது, அந்தச் சரக்கு 113 நாடுகளுக்காவது போயிருந்தது. அத்தனை நாடுகளுக்கும் சேதி சொல்ல இப்படி ஒரு வலை இல்லாமல் முடியாது. ஆனால் அது அரசுகளுக்குள் பேசிக்கொள்ளும் வலை. சேதி ஒவ்வொரு நாட்டின் தொடர்பு அலுவலருக்குப் போகும். பொடி இடிக்கிறவர் திறந்து பார்க்க அங்கே கதவு கிடையாது.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரையே போட்டுவிடுவார்கள். அதில் பெயர் ஏறிவிட்டால், பெட்டியைத் திறந்து சோதிக்காமலேயே துறைமுகத்தில் நிறுத்தி வைக்கலாம். நாங்கள் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பியதில்லை, அதனால் இதைப் பற்றிப் படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூர் உணவு முகமையின் அறிவிப்பு எளிமையானது: பொருளின் பெயர், பொட்டலத்தின் படம், திரும்பப் பெறும் காரணம். 2024 ஏப்ரலில் இந்திய மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிக்கொல்லி வாயு இருப்பதாக ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அடுத்தடுத்து அறிவித்தபோது இங்கே எல்லோருக்கும் தூக்கம் போனது. சிங்கப்பூருக்கு மட்டும் அனுப்புகிறவர்கள் இதை முதலில் பார்ப்பதுதான் சரி.

சரி, ராஸ்ஃப்புக்கு வருகிறேன். 1979-இல் தொடங்கியது. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்தும் இதில் உண்டு. கடுமையான ஆபத்து என்று தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. கடையில் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு ஒரு வகை அறிவிப்பு, எல்லையிலேயே திருப்பி அனுப்பிய சரக்குக்கு வேறு வகை. பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய சரக்கு என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்தப் பொருளில் என்ன நஞ்சு, சோதனையில் எவ்வளவு வந்தது, சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்பதுதான் வேண்டும். பெரும்பாலான ராஸ்ஃப் அறிவிப்புகளில் அந்த அளவு பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் இதைத் தேர்ந்ததற்கு முழுக் காரணமும் அதுதான்.

எள்ளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து வந்த எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் ராஸ்ஃப்பில் அறிவித்தது. கிருமியைக் கொல்ல அடிக்கும் வாயு அது. ஐரோப்பாவில் உணவுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. எள்ளுக்கான வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். சில சரக்கில் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் இருந்தது. அந்த எள் போட்ட ரொட்டி, பிஸ்கட் எல்லாம் நாடு நாடாகத் திரும்பப் பெறப்பட்டன. அக்டோபரிலேயே இந்திய எள்ளில் பாதிக்குப் பாதி சரக்கை எல்லையில் சோதிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இந்த விவரம் கையில் இருந்ததால்தான் எள்ளு வியாபாரியிடம் சரியான கேள்வியைக் கேட்க முடிந்தது. “அண்ணே, எள்ளு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு, வேற என்ன வேணும்?” என்றார். சுத்தமாக இருப்பதுதான் கவலை, எதை அடித்துச் சுத்தமாக்கினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றோம். அப்புறம் ஆய்வகத்தில் எதைச் சோதிக்கச் சொல்வது என்பதும் தெளிவானது. சும்மா ‘எல்லாம் பாருங்கள்’ என்றால் சிறு தொழில் அந்தச் செலவைத் தாங்காது.

மிளகாயும் அப்படித்தான். 2003-இல் இந்திய மிளகாய்த் தூளில் சூடான் 1 என்ற சாயம் கலந்திருப்பதை பிரான்ஸ் கண்டுபிடித்துச் சொன்னது. அடுத்த மாதமே ஒன்றியம் அவசர விதி போட்டது. இப்போது அதைவிட அஃப்ளடாக்சின்தான் எங்கள் கவலை. ராமநாதபுரம் முண்டு மிளகாய் களத்தில் காயும்போது ஈரம் பட்டால் பூஞ்சை வரும், அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு அது. மிளகாயில் அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளடாக்சின் 10 மைக்ரோகிராம், அவ்வளவுதான் ஐரோப்பிய வரம்பு. கண்ணுக்கு நல்ல சிவப்பாக இருக்கும் மிளகாயும் இதில் தோற்கலாம்.

ராஸ்ஃப்பில் மனிதர் உணவோடு தீவனமும் இருப்பது எனக்குக் கூடுதல் நிம்மதி. 1999-இல் பெல்ஜியத்தில் கோழித் தீவனத்தில் டையாக்சின் என்ற நஞ்சு கலந்து, கோழியும் முட்டையும் கடைகளை விட்டே எடுக்கப்பட்டன. அதன் பிறகு வந்த 2002 சட்டம் தீவனத்தையும் இந்த வலைக்குள் கொண்டுவந்தது. நம் ஊரில் கடலை ஆட்டிய பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. பூஞ்சை பிடித்த கடலையின் நஞ்சு பிண்ணாக்கில் தங்கி, மாட்டின் வழியாகப் பாலுக்கு வரும். இந்தியக் கடலையில் அஃப்ளடாக்சின் என்று அறிவிப்பு வரும்போது, ஏற்றுமதியே செய்யாத செக்குக்காரருக்கும் அது தெரிய வேண்டிய சேதி என்பேன்.

வேகமாகச் சொல்வதில் ஆபத்தும் உண்டு. 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமி பரவி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் விழுந்தது, அங்குள்ள விவசாயிகள் நொடித்துப்போனார்கள். பிறகுதான் எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டியதில் பரவியிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகவே ஒற்றை அறிவிப்பைப் பார்த்து உடனே ஆர்டரை நிறுத்துவதில்லை. அதே பொருள், அதே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கிறோம்.

லண்டனுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்றியத்தை விட்டுப் போனபின் பிரிட்டன் ராஸ்ஃப்பில் உறுப்பினர் இல்லை. அங்கே உணவுத் தர முகமை தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது. ராஸ்ஃப் பக்கத்தில் தேடும்போது, சரக்கு புறப்பட்ட நாடு இந்தியா என்று வைத்து, மசாலா வகையையும் கொட்டை, விதை வகையையும் தனித்தனியாகப் பாருங்கள். எள்ளும் கடலையும் இரண்டாவதில்தான் வரும். மசாலாவை மட்டும் பார்த்தால் அவை கண்ணில் படாது.